பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு கேட்டதால் பதவியை விட்ட அனைரின் பெவன்: கொள்கையா, பிடிவாதமா?

காவிரிக்கரை:

வணக்கம். சமூகக் கொள்கை பாடத்துக்காகப் போருக்குப் பிந்திய பிரிட்டனைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்ஹெச்எஸ் (தேசிய சுகாதார சேவை) என்று எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அனைரின் பெவன் வந்து நிற்கிறார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளி, 1945-இல் தொழிற்கட்சிப் பிரதமர் அட்லியின் அமைச்சரவையில் சுகாதார மந்திரி, 1948 ஜூலை 5 அன்று நாட்டில் இருக்கும் எல்லோருக்கும் கட்டணமில்லாத மருத்துவம் என்று தொடங்கியவர். இதுவரை சரி.

எனக்கு இடிப்பது 1951. கொரியப் போர் நேரம், ராணுவச் செலவு ஏறுகிறது, நிதி மந்திரி ஹியூ கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியே தரட்டும் என்று ஏப்ரல் பட்ஜெட்டில் போடுகிறார். அந்த ஆண்டு அதில் மிச்சமாகக் கூடியது 1.3 கோடி பவுண்டு. அதற்காக பெவன் ராஜினாமா. அப்போது அவர் சுகாதார மந்திரிகூட இல்லை, ஜனவரியிலேயே தொழிலாளர் நலத் துறைக்கு மாற்றிவிட்டார்கள்! அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது, அவர் மறுபடி மந்திரியாகவே இல்லை.

என் கேள்வி இரண்டு. டாக்டர்கள் அவ்வளவு எதிர்த்தும் 1948-இல் அவரால் எப்படி முடிந்தது? அவ்வளவு விட்டுக்கொடுத்துப் பேரம் பேசத் தெரிந்த மனிதர், ஒரு கண்ணாடி விஷயத்தில் ஏன் இறங்கி வரவில்லை? வகுப்பில் பாதிப் பேர் மாவீரர் என்கிறார்கள், மீதிப் பேர் அகங்காரம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்வேலிக்காரன்:

நண்பரே, 1951-ஐ விட்டுவிட்டு அவர் ஊரிலிருந்து தொடங்குங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ட்ரெடிகர் என்பது தெற்கு வேல்ஸில் நிலக்கரியும் இரும்பும் இருந்த ஒரு சின்ன ஊர். பெவன் பிறந்தது 1897, அப்பா சுரங்கத் தொழிலாளி, வீட்டில் பத்துப் பிள்ளைகள், எல்லோரும் பிழைக்கவில்லை. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குள் போனவர். திக்குவாய் வேறு. அந்த ஊரில் 1890 முதல் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. சம்பளத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னி பிடித்துக்கொள்வார்கள், அன்றைய கணக்கில் ஒரு பவுண்டு 240 பென்னி, ஆக நூற்றுக்கு ஒன்றேகால். அந்தப் பணத்தில் சங்கமே டாக்டரை வேலைக்கு வைத்தது, நர்ஸ் வைத்தது, பல் வைத்தியரும் உண்டு. சுரங்கத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே. காலப்போக்கில் ஊரில் பெரும்பாலானவர்கள் இதற்குள் வந்துவிட்டார்கள். பெவன் இளம் கவுன்சிலராக அந்த ஊர் மருத்துவமனைக் குழுவில் உட்கார்ந்தவர். ஆக ஒரு மருத்துவமனையின் கணக்குப் புத்தகம் எப்படி இருக்கும், டாக்டர்கள் எதற்கு முறைப்பார்கள், மருந்துச் செலவு எங்கே ஏறும், இதெல்லாம் மந்திரியாகும் முன்பே கண்ணால் பார்த்திருந்தார். பின்னாளில் அவரே சொன்னது, ட்ரெடிகரில் எங்களுக்குக் கிடைத்ததை நாடு முழுவதற்கும் நீட்டுகிறேன், அவ்வளவுதான் என்று.

இன்னொன்று. அவர் அப்பா 1925-இல் செத்தது நுரையீரலில் நிலக்கரித் தூசு படிந்து வரும் நோயால். அது தொழில்நோய்ப் பட்டியலில் அப்போது இல்லை, அதனால் இழப்பீடு கிடையாது. சுரங்க ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெவனுக்கே இருட்டில் வேலை செய்து கண்மணி ஆடும் நோய் வந்திருந்தது. அவரிடம் போய் மூக்குக்கண்ணாடி சின்ன விஷயம் என்று யார் சொல்வது?

1911-இல் அன்றைய நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த மருத்துவக் காப்பீடு இருந்ததே என்று யாராவது கேட்பார்கள். இருந்தது, குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே சம்பாதிக்கும் தொழிலாளிக்கு மட்டும். அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. பெண்கள் வலியை அடக்கிக்கொண்டு இருந்துவிடுவார்கள், டாக்டர் ஃபீஸ் புருஷனுக்கும் பிள்ளைக்கும்தான். 1948-இல் திடீரென்று கூட்டம் அலைமோதியது இதனால்தான். பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வியாதி எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது.

கார்டிஃப்வாசி:

மேலே நண்பர் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். நான் இங்கே வேல்ஸில் என்ஹெச்எஸ்ஸில் வேலை செய்கிறேன், பேரம் எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பெவன் எல்லா டாக்டர்களோடும் ஒரே நேரத்தில் மோதவில்லை. அவர்களை இரண்டாகப் பார்த்தார். பெரிய மருத்துவமனைகளில் இருந்த கன்சல்டன்ட்கள் (மூத்த நிபுணர்கள்) ஒரு பக்கம், தெருவில் போர்டு வைத்திருந்த குடும்ப டாக்டர்கள் இன்னொரு பக்கம். முதலில் மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2,688, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தியதும் நகராட்சிகள் நடத்தியதும் எல்லாம் அரசுக்கு. அமைச்சரவைக்குள்ளேயே ஹெர்பர்ட் மாரிசன் கடுமையாக எதிர்த்தார், நகராட்சி மருத்துவமனைகளைப் பிடுங்காதே என்று. அவர் லண்டன் மாநகர நிர்வாகத்தில் வளர்ந்தவர், அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் தர்ம ஆஸ்பத்திரிகள் நன்கொடையில் ஓட முடியாத நிலைக்குப் போரின் முன்பே வந்துவிட்டன, போர்க்காலத்தில் அவசர மருத்துவ சேவை என்ற பெயரில் அரசு கொடுத்த பணத்தில்தான் மூச்சு விட்டன. பணக்கார ஊரில் நல்ல ஆஸ்பத்திரி, ஏழை ஊரில் ஒன்றுமில்லை என்ற நிலையை நகராட்சி வரியை வைத்துத் தீர்க்க முடியாது என்பது பெவன் வாதம். அட்லி பெவன் பக்கம் நின்றார்.

கன்சல்டன்ட்களுக்கு என்ன கொடுத்தார்? அரசுச் சம்பளம், கூடவே தனியார் பிராக்டிஸ் செய்யலாம், அரசு ஆஸ்பத்திரியிலேயே காசு கட்டும் படுக்கைகள், சிறந்தவர்களுக்கு மேல்தொகை. 'அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன்' என்று அவர் பிறகு சொன்னதாக ஒரு வாசகம் உண்டே, அது இதைப் பற்றித்தான். அவர்கள் பக்கம் பேசி முடித்தவர் மருத்துவர்கள் ராயல் கல்லூரியின் தலைவர் மோரன் பிரபு, சர்ச்சிலின் சொந்த டாக்டர்!

குடும்ப டாக்டர்கள்தான் கடைசிவரை முரண்டு பிடித்தது. பிராக்டிஸை விலைக்கு வாங்கி விலைக்கு விற்பது அப்போது வழக்கம், இளம் டாக்டர் கடன் வாங்கித்தான் ஒரு பிராக்டிஸில் நுழைவார். பெவன் அந்த விற்பனையைத் தடை செய்து, இழப்பீடாக 6.6 கோடி பவுண்டு ஒதுக்கினார். அவர்கள் பயந்தது அதைவிட இன்னொன்றுக்கு: அரசு மாதச் சம்பளக்காரர்களாக ஆக்கிவிடும் என்று. பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர் இதை ஹிட்லர் ஜெர்மனியோடு ஒப்பிட்டு எழுதும் அளவுக்குப் போனது. 1948 பிப்ரவரியில் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் 40,000-க்கும் மேல் எதிர்ப்பு, ஆதரவு 5,000-கூட இல்லை. தொடங்க வேண்டிய நாளுக்கு ஐந்து மாதம்தான் பாக்கி. நினைத்துப் பாருங்கள்.

ஏப்ரலில் மோரன் தரப்பு ஒரு வழி சொன்னது, பெவன் பிடித்துக்கொண்டார். முழுநேரச் சம்பள முறை வராது என்று சட்டத்திலேயே எழுதித் தருகிறேன் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். பதிவு செய்துகொண்ட நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று டாக்டருக்குப் பணம், டாக்டர் தனி ஒப்பந்தக்காரராகவே இருப்பார். மே மாத வாக்கெடுப்பில் எதிர்ப்பு பெருமளவு இறங்கியது. நோயாளிகளோ அதற்குள் பெயர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், சேராத டாக்டருக்கு நோயாளி இருக்க மாட்டார் என்ற நிலை. ஜூலையில் பெரும்பாலானவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இன்றைக்கும் இங்கே பெரும்பாலான ஜிபி (குடும்ப டாக்டர்) சர்ஜரிகள் அந்த ஒப்பந்தத்தின் பேரன் பேத்திகள்தான், அதில் நல்லதும் உண்டு, தலைவலியும் உண்டு.

அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று வரிசையாகப் பாருங்கள். சம்பளம், தனியார் படுக்கை, டாக்டரின் அந்தஸ்து, எல்லாம் டாக்டர் பக்கத்து விஷயம். நோயாளி வாசலில் காசு எடுக்க வேண்டும் என்ற இடத்தில் ஒரு அடிகூடத் தரவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

எதிர்ப்பாட்டு:

ஒரு அடிகூடத் தரவில்லையா? கார்டிஃப் அண்ணே, 1949-ஐ அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களே!

1949-இல் என்ஹெச்எஸ் திருத்தச் சட்டம் வந்தது. மருந்துச் சீட்டு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வரை வசூலிக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது அந்தச் சட்டம். சுகாதார மந்திரி யார்? பெவன். அமைச்சரவையில் ஒத்துக்கொண்டதும் அவர்தான். நடைமுறைக்கு வராது என்று கணக்குப் போட்டு ஒத்துக்கொண்டார், வராமலும் பார்த்துக்கொண்டார் என்று அவர் ஆதரவாளர்கள் சொல்வார்கள். சரி, சாமர்த்தியம்தான், ஆனால் கதவைத் திறந்தது யார்? 1952-இல் கன்சர்வேட்டிவ் அரசு அதே ஷில்லிங்கை வசூலிக்கத் தொடங்கியபோது புதிதாக அதிகாரம் கேட்டு அலையவே தேவைப்படவில்லை.

கெய்ட்ஸ்கெல்லையும் கொஞ்சம் நியாயமாகப் பாருங்கள். என்ஹெச்எஸ் செலவு தொடக்கத்திலிருந்தே மதிப்பீட்டைத் தாண்டிக்கொண்டே போனது, ஒவ்வொரு வருடமும் கூடுதல் மானியம் கேட்டார்கள். நிதி மந்திரி எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கட்டணம் போடவில்லை, டாக்டரைப் பார்க்கக் கட்டணம் போடவில்லை, பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை, அவ்வளவுதான்.

அப்புறம் மனிதரின் குணத்தையும் விடக்கூடாது. 1950 அக்டோபரில் நிதித் துறை கெய்ட்ஸ்கெல்லுக்குப் போனது, வயது 44, பாராளுமன்றத்துக்கே 1945-இல் வந்தவர். பெவன் 1929 முதல் உறுப்பினர். அடுத்த மார்ச்சில் வெளியுறவுத் துறை காலியானபோது அது மாரிசனுக்கு. இரண்டு முறை ஒதுக்கப்பட்டவருக்கு ஏப்ரலில் திடீரென்று கொள்கை பொங்கியது என்று எதிரிகள் பேசியதில் ஆச்சரியம் என்ன? வாய் வேறு. என்ஹெச்எஸ் தொடங்குவதற்கு முந்தைய நாள், 1948 ஜூலை 4, மான்செஸ்டரில் பேசும்போது டோரிகளை, அதாவது கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களை, புழுபூச்சியைவிடக் கேவலமானவர்கள் என்று சொல்லிவைத்தார். வாழ்க்கையின் மிகப்பெரிய நாளுக்கு முந்தைய மாலை! அவர்கள் அதையே பேட்ஜாகக் குத்திக்கொண்டு கிளப் தொடங்கினார்கள். அட்லி கண்டித்துக் கடிதம் எழுதினார்.

ராஜினாமாவால் கட்சி இரண்டாகப் பிளந்து, 1951 முதல் 1964 வரை பதின்மூன்று ஆண்டு எதிர்க்கட்சி வரிசை. என்ஹெச்எஸ்ஸைக் காப்பாற்ற விரும்பியவர் அதை எதிரிகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வேம்பு:

எதிர்ப்பாட்டு சொன்ன 1949 உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ராஜினாமா கண்ணாடிக்காக மட்டும் என்று எழுதினால் மார்க் போகும்.

அந்த பட்ஜெட்டின் பின்னால் இருந்தது மூன்று ஆண்டில் 470 கோடி பவுண்டு ராணுவத் திட்டம். பெவன் ராஜினாமா உரையில் பாதிக்கு மேல் அதைத்தான் பேசினார்: இவ்வளவு பணத்தை உங்களால் செலவு செய்யவே முடியாது, மூலப்பொருள் இல்லை, இயந்திரக் கருவி இல்லை, விலைதான் ஏறும் என்று. கூடவே விலகியவர்கள் ஹெரால்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும், வில்சன் வர்த்தகத் துறை மந்திரி, பொருளாதாரம் படித்தவர், அவருக்கும் முக்கியக் கவலை இந்தக் கணக்குதான். பிறகு நடந்தது என்ன? அடுத்து வந்த சர்ச்சிலே அந்தத் திட்டத்தை அந்த வேகத்தில் முடிக்க முடியாது என்று நீட்டித்துவிட்டார். செலவே ஆகாத பணத்துக்காக 1.3 கோடி பவுண்டை நோயாளியிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் பெவன் சொன்னது கெய்ட்ஸ்கெல் சொன்னதைவிடச் சரி.

செலவு கட்டுக்கடங்கவில்லை என்ற பேச்சையும் பாருங்கள். 1953-இல் கன்சர்வேட்டிவ் அரசே கில்பாட் என்ற பொருளாதார அறிஞர் தலைமையில் குழு போட்டது, எங்கே வெட்டலாம் என்று தெரிந்துகொள்ள. 1956-இல் வந்த அறிக்கை ஊதாரித்தனம் எதுவும் இல்லை என்றது. நாட்டு வருமானத்தில் என்ஹெச்எஸ்ஸின் பங்கு 1949-50-இல் 3.75 சதவீதம், 1953-54-இல் 3.25. குறைந்திருந்தது! புதிய ஆஸ்பத்திரி கட்டப் போதுமான பணமே ஒதுக்கவில்லை என்றும் குழு சொன்னது. முதல் இரண்டு வருடக் கூட்டம் பழைய பாக்கி, அது தீர்ந்ததும் வேகம் தணிந்தது. நெய்வேலிக்காரன் சொன்னாரே, சேர்த்து வைத்த வியாதி என்று, அதுதான்.

இன்னொரு விஷயம், யாருமே தொடவில்லை. அந்தக் காலத்தில் வீட்டு வசதியும் சுகாதார மந்திரி கையில்தான் இருந்தது. குண்டு விழுந்து இடிந்த ஊர்கள், திரும்பி வந்த சிப்பாய்கள், மரம் இல்லை, செங்கல் இல்லை, 1946-இல் ஜனங்கள் காலி ராணுவ முகாம்களுக்குள் பூட்டை உடைத்துக் குடியேறிய நிலை. எண்ணிக்கையைக் காட்டு என்று எல்லோரும் கத்தியபோது பெவன் வீட்டின் அளவைக் கூட்டினார். போருக்கு முன் சுமார் 750 சதுர அடியாக இருந்த நகராட்சி வீடு 900 சதுர அடி, மூன்று படுக்கையறை, மாடியில் ஒன்று கீழே ஒன்று என்று கழிப்பறை. ஓரிரு வருடம் எண்ணிக்கையை வைத்து நம்மை எடைபோடுவார்கள், பத்து வருடம் கழித்து எப்படிப்பட்ட வீடு என்பதை வைத்து எடைபோடுவார்கள் என்றார். 1951-க்குள் பத்து லட்சத்துக்கு மேல் புது வீடுகள் வந்தன, பெரும்பகுதி வாடகைக்கு விடும் நகராட்சி வீடுகள். பின்னால் வந்த கன்சர்வேட்டிவ் வீட்டு வசதி மந்திரி மாக்மில்லன் ஆண்டுக்கு 3 லட்சம் கட்டிக் காட்டினார், வீட்டைச் சின்னதாக்கி. எனக்கு என்னவோ பெவனின் பொது சுகாதாரச் சாதனையில் இதுவும் சரிபாதி என்றே தோன்றுகிறது, ஈரச் சுவர் வீட்டில் ஐந்து பேர் ஒரே அறையில் படுத்தால் காசநோய்க்கு எந்த டாக்டர் என்ன செய்வார்? ஆனால் அதே காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்கில் நின்றவர்கள் 1951-இல் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

எதிர்ப்பாட்டு:

வேம்பு, ராணுவக் கணக்கில் அவர் சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் உள்ளே இருந்து சொல்லியிருக்கலாமே? வெளியே போனதும் எந்தக் கட்டணம் நின்றது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 1949 சட்டம், கில்பாட் அறிக்கை இரண்டும் எங்கள் பாடக் குறிப்பில் இல்லவே இல்லை. கடைசியாக ஒன்று: 1951-க்குப் பிறகு அவர் என்ன ஆனார்? அந்தக் கட்டணங்கள் என்ன ஆயின?

கார்டிஃப்வாசி:

சுருக்கமாகச் சொல்கிறேன், நைட் ஷிஃப்ட் இருக்கிறது.

1955-இல் கட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். கெய்ட்ஸ்கெல் 157, பெவன் 70, மாரிசன் 40. அப்புறம் இருவரும் ஒருவகையாகச் சமாதானம். 1956-இல், பிரிட்டன் எகிப்தின் மீது படையெடுத்த சூயஸ் விவகாரத்தில், லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் பேசியது அவருடைய சிறந்த மேடைகளில் ஒன்று. அடுத்த ஆண்டு பிரைட்டன் மாநாட்டில், பிரிட்டன் தன் அணுகுண்டைத் தானாகவே கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்துப் பேசித் தன் சொந்த ஆதரவாளர்களையே அழவைத்தார். பிரிட்டனின் வெளியுறவு மந்திரியை, அவர் யாராக இருந்தாலும், நிர்வாணமாகப் பேச்சுவார்த்தை அறைக்குள் அனுப்பாதீர்கள் என்றார். 1959-இல் துணைத் தலைவர். 1960 ஜூலை 6-இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார், வயது 62.

கட்டணம். 1964-இல் பிரதமரான வில்சன் 1965-இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை எடுத்தார், 1968-இல் அவரே பணநெருக்கடியில் திரும்பப் போட்டார். ஆக எதிர்ப்பாட்டு கேட்டதற்குப் பாதி பதில் இது: உள்ளே இருந்தவரும் தாக்குப்பிடிக்கவில்லை. வேல்ஸ் அரசு 2007 ஏப்ரலில் இங்கே அடியோடு ரத்து செய்தது, இங்கிலாந்தில் இன்னும் உண்டு, குழந்தைகள், வயதானவர்கள் என்று பலருக்கு விலக்குடன். பல் வைத்தியத்துக்கோ பெரியவர்கள் வேல்ஸிலும் இன்றுவரை கட்டுகிறார்கள், கண்ணாடியும் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் காசுதான். கெய்ட்ஸ்கெல் கை வைத்த இரண்டும் திரும்பவே இல்லை.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்க்கலாம். பெவனின் அந்தப் பள்ளத்தாக்குகளில் பிரிட்டிஷ் டாக்டர்கள் போக விரும்பாத ஊர்களில் 1960-களுக்குப் பிறகு ஜிபி-யாக உட்கார்ந்தவர்களில் பெரும்பங்கு இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்கள். மருத்துவமனையில் மேல்பதவிக்கு வழி கிடைக்காமல் அங்கே போனவர்களும் அதில் அதிகம். டாக்டர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று அரசு உத்தரவு போட முடியாது என்பதும் 1948 பேரத்தில் ஒரு பகுதி. நிறைய டாக்டர்கள் இருக்கும் இடத்துக்குப் புதிதாகப் போகாமல் தடுக்கலாம், அதற்கு மேல் முடியாது. அந்த ஓட்டையை அடைத்தது நம் ஊர் ஆட்கள்.

கெய்ட்ஸ்கெல் தரப்பையும் முழுசாக எழுதுங்கள். பெவனின் மனைவி ஜென்னி லீ, திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்த மந்திரி, அவர் பற்றி யாராவது தனி இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.